வளர்ப்பு மீன்கள் துன்புறுத்தப்படுதல்

வளர்ப்பு மீன்கள் துன்புறுத்தப்படுதல் என்பது அழகுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் வீடுகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் வளர்க்கப்படும் மீன்களுக்கு, அவற்றை வளர்ப்போர் அறிந்தோ அறியாமலோ இழைக்கும் தீங்குகளைக் குறிக்கும். நாயை அடித்தால் அது கத்தும். மாட்டைப் பட்டினி போட்டால் விலா எலும்பு தெரியும். மீனுக்கு இழைக்கப்படும் தீங்கு இவ்வாறு கண்ணுக்கோ காதுக்கோ எட்டுவதில்லை. பெரும்பாலும் அது நீரில் கரைந்திருக்கிறது. இதனால் மீன் வளர்ப்போரில் பலர், தாம் கொடுமை செய்கிறோம் என்பதை அறியாமலேயே அதனைச் செய்கின்றனர். வாங்கி வந்த மீன் ஒரு வாரத்தில் இறந்தால் "மீன் என்றால் சாகத்தான் செய்யும்" என்று கூறி வேறொன்றை வாங்கி விடும் வழக்கமும் இதனாலேயே நிலைத்துள்ளது. உண்மையில் முறையாக வளர்க்கப்படும் பொன்மீன் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. இங்கிலாந்தின் யார்க்சையரில் 1956 ஆம் ஆண்டு ஒரு திருவிழாக் கடையில் பரிசாகப் பெறப்பட்ட டிஷ் என்ற பொன்மீன் 1999 இல், தன் 43 ஆம் வயதில் இறந்தது.

பின்னணி

பொன்மீன் முதன்முதலில் சீனாவில் வளர்ப்பு மீனாக்கப்பட்டது. சொங் அரசமரபின் காலத்தில் அரண்மனைக் குளங்களிலும், பின்னர் அகன்ற பீங்கான் தாழிகளிலும் அது வளர்க்கப்பட்டது. தாழியில் வளர்க்கப்பட்ட மீனை மேலிருந்தே பார்க்க முடியும். கண்ணாடித் தொட்டிகள் பரவிய பின்னரே மீனைப் பக்கவாட்டில் காணும் பழக்கம் வந்தது. உருண்டைக் கிண்ணமும் அதனுடன் வந்தது.

தமிழ்நாட்டில், சென்னை மெரினா கடற்கரையில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909 ஆம் ஆண்டு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. வீட்டில் வண்ண மீன் வளர்ப்பது நடுத்தரக் குடும்பங்களிடையே பரவியபோது, சென்னையின் வடமேற்கில் உள்ள கொளத்தூர் இவ்வணிகத்தின் மையமாக வளர்ந்தது. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன், கௌராமி, சண்டை மீன், பொன்மீன் முதலியவை கொளத்தூரிலும் அதனை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளிலும் இனப்பெருக்கம் செய்யப்பட்டு, ஆக்சிசன் நிரப்பிய நெகிழிப் பைகளில் மாநிலம் முழுவதும் அனுப்பப்படுகின்றன. சிறிய ஊர்களில் உள்ள கடைகள் பலவும் இங்கிருந்தே மீன்களைப் பெறுகின்றன. பல குடும்பங்களின் வாழ்வாதாரம் இத்தொழில். இதனை மறந்துவிட்டு மீன் நலனைப் பேசுவது எளிது; ஆனால் அது பயன் தராது.

மீன்கள் வலியை உணர்கின்றனவா

இக்கேள்விக்கான விடையைப் பொறுத்தே "துன்புறுத்தல்" என்ற சொல்லை மீன்களுக்குப் பயன்படுத்தலாமா என்பது அமையும். 2003 ஆம் ஆண்டு லின் ஸ்னெட்டன் என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும், வானவில் டிரவுட் மீனின் தலையிலும் வாய்ப்பகுதியிலும் தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உண்பதை நிறுத்தின. தொட்டியின் அடியில் உள்ள கூழாங்கற்களில் உதட்டைத் தேய்த்தன. வலி நீக்கி மருந்து கொடுத்தபோது இந்நடத்தைகள் குறைந்தன.

இதனை ஏற்காதோரும் உள்ளனர். ஜேம்ஸ் ரோஸ் 2002 இலும் பிரையன் கீ 2016 இலும், பாலூட்டிகளுக்கு இருப்பது போன்ற பெருமூளைப் புறணி மீன்களுக்கு இல்லை, ஆகவே அவை தீங்குக்கு எதிர்வினை புரியுமேயன்றி வலியை "உணர" இயலாது என்று வாதிட்டனர். இவ்வாதத்திற்கு எதிராக வைக்கப்படும் மறுப்பு எளியது: பறவைகளுக்கும் அப்புறணி இல்லை; ஆயினும் அவை வலியை உணரும் என்பதை இன்று மிகச் சிலரே மறுப்பர். பொன்மீனின் நினைவாற்றல் மூன்று வினாடிகளே என்ற பரவலான கூற்றுக்கு அடிப்படை எதுவும் இல்லை. உணவு தரும் நேரத்தையும் இடத்தையும் அவை நீண்ட காலம் நினைவில் கொள்கின்றன. தொட்டியை நெருங்கும் வீட்டாரைக் கண்டு மீன்கள் முன்னே வருவதை, மீன் வளர்க்கும் எந்தக் குழந்தையும் அறியும்.

கிண்ணத்தின் கணக்கு

துன்புறுத்தலின் மிகப் பொதுவான வடிவம், உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பொன்மீனை வைப்பது ஆகும். கடைகளில் விற்கப்படும் கிண்ணங்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து லிட்டர் நீரே கொள்ளும். சாதாரணப் பொன்மீன் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் கொண்ட தொட்டியே விளிம்பு வரை நிரப்பினால்தான் 56 லிட்டர் கொள்ளும். ஒரு பொன்மீனுக்கு அதுவே போதாது என்பது அனுபவம் மிக்க வளர்ப்போரின் கருத்து. "தொட்டியின் அளவுக்கு ஏற்ப மீன் வளரும்" என்று கூறப்படுவது பாதி உண்மை. சிறிய கிண்ணத்தில் மீனின் வளர்ச்சி குன்றுவது உண்மை. ஆனால் அது நலமான மீன் தன்னை அடக்கிக் கொள்வதன்று. கழிவு நிறைந்த நீரில் உடல்நலம் கெட்டு வளர்ச்சி தடைப்படுவதே ஆகும்.

கிண்ணத்தின் வடிவமும் தீங்கானது. நீருக்குள் ஆக்சிசன் நீர்ப்பரப்பின் வழியாகவே நுழைகிறது. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தைப் பாதியளவு நிரப்பினால் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 490 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அதே கிண்ணத்தை, 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள கழுத்து வரை நிரப்பினால் நீர்ப்பரப்பு 113 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கி விடும். அதாவது மீனுக்கு அதிக நீர் தருவதாக எண்ணிக் கழுத்து வரை நிரப்புபவர், மூச்சு விடும் வழியை நான்கில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்து விடுகிறார்.

வெப்பம் இதனை மேலும் கடுமையாக்குகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம் மட்டுமே கரையும். அதே நேரத்தில் வெப்பம் கூடக்கூட மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிசனின் அளவு கூடுகிறது. பொன்மீன் குளிர்ந்த நீரை விரும்பும் மீன். கோடையில் 40 பாகையைத் தொடும் தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில், சன்னல் ஓரத்தில் வைக்கப்பட்ட ஐந்து லிட்டர் கிண்ணம் பிற்பகலுக்குள் அறையின் வெப்பத்தை எட்டி விடும். மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டு, "பசிக்கிறது போலும்" என்று மேலும் உணவு போடுவோர் உண்டு.

சண்டை மீன் வேறு வகையில் பாதிக்கப்படுகிறது. தாய்லாந்தைச் சேர்ந்த இம்மீனுக்குச் செவுளுடன் கூடுதலாக, காற்றை நேரடியாகச் சுவாசிக்க உதவும் சிக்கலறை உறுப்பு ஒன்று உண்டு. ஆகவே ஆக்சிசன் குறைந்த நீரிலும் அது உயிரோடு இருக்கும். இத்தகவமைப்பே அதற்குக் கேடாக அமைந்தது. உயிரோடு இருப்பதைக் காட்டி, ஒரு குவளை நீரே அதற்குப் போதும் என்று விற்கின்றனர். இரு ஆண் மீன்களை அருகருகே உள்ள சிறு புட்டிகளில் வைத்து, ஒன்றையொன்று கண்டு ஓயாமல் துடுப்பை விரிக்கச் செய்வது கடைகளில் காணப்படும் காட்சி. ஆண் மீன்களைத் தனியே பிரித்து வைப்பது சரியே. குவளையில் வைப்பதும், எதிரியை எப்போதும் கண்முன் வைப்பதும் அல்ல.

நீர்: கண்ணுக்குத் தெரியாத கேடு

மீன்கள் தம் கழிவில் பெரும்பகுதியைச் செவுள்கள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகின்றன. உண்ணாமல் விடப்பட்ட உணவு அழுகுவதாலும் அமோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் மண்ணிலும் கற்களிலும் வாழும் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டின் கேடு ஒப்பளவில் மிகக் குறைவு. புதிதாக வைக்கப்பட்ட தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் தொட்டியும் மீனும் ஒரே நாளில், ஒரே பையில் வருகின்றன. நீர் தெளிவாகவே இருக்கும். மீன்களோ முதல் வாரத்திலேயே தம் கழிவின் நஞ்சில் மூழ்கியிருக்கும். வீடுகளில் மீன்கள் இறப்பதற்குரிய காரணங்களில் இதுவே முதன்மையானது. மிக எளிதாகத் தவிர்க்கக் கூடியதும் இதுவே.

அமோனியாவின் கடுமை நீரின் கார அமிலச் சுட்டெண்ணைப் (பி.எச்.) பொறுத்தது. 25 பாகை செல்சியசில், சுட்டெண் 7 ஆக உள்ள நீரில் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். சுட்டெண் 8 ஆனால் அது நூற்றுக்கு 5 பங்கையும், 9 ஆனால் 36 பங்கையும் எட்டும். தமிழ்நாட்டின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினத்தன்மையும் காரத்தன்மையும் கொண்டது. ஆகவே குளிர்நாட்டு நூல்களில் "சிறிதளவு அமோனியா பொறுத்துக் கொள்ளத்தக்கது" என்று எழுதப்பட்டிருப்பதை இங்கு அப்படியே கொள்ள இயலாது.

குழாய் நீரில் வேறொரு சிக்கல் உண்டு. குடிநீரில் கிருமிகளைக் கொல்ல விடப்படும் குளோரின், மீனின் செவுளையும் பாக்டீரியாக்களையும் சேர்த்தே தாக்குகிறது. இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரப்படி குளோரின் கலந்த நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். மனிதருக்குத் தேவையான இவ்வளவே மீனுக்குத் தீங்கு தரப் போதுமானது. நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து பயன்படுத்துவது பழைய வழி. சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலைச் சேர்ப்பது விரைவான வழி.

அன்பின் பெயரால் நிகழும் மற்றொரு தீங்கு, "முழுச் சுத்தம்" ஆகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டியைக் காலி செய்து, கற்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முழுவதும் புதிய நீர் நிரப்புவோர் தம்மைப் பொறுப்பான வளர்ப்போராகவே கருதுகின்றனர். ஆனால் பல வாரங்களாகப் பெருகிய பாக்டீரியாக்கள் ஒரே நாளில் கழுவப்படுகின்றன. சவர்க்காரத்தின் எச்சம் மீனின் உடலை மூடியுள்ள வழவழப்புப் படலத்தைக் கரைக்கிறது. வெப்பநிலையும் திடீரென மாறுகிறது. வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுவதும், வடிகட்டியின் பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசுவதும் போதுமானவை. தலைகீழான தவறும் உண்டு: வீட்டில் குடிக்கப் பயன்படுத்தும் எதிர்ச் சவ்வூடு முறையில் வடித்த நீரை அப்படியே ஊற்றுவது. தாது உப்புகள் நீங்கிய அந்நீரில் மீனின் உடல் உப்புச் சமநிலையை இழக்கிறது.

மின்வெட்டு பற்றியும் கூற வேண்டும். 2012 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தது. காற்றுக் குமிழி இயந்திரத்தையே நம்பி, அளவுக்கு மீறிய மீன்களை வைத்திருந்த தொட்டிகளுக்கு இத்தகைய வெட்டு உயிர்ப் பிரச்சினை. இயந்திரம் நின்ற ஒரு மணி நேரத்தில் மீன்கள் மூச்சுத் திணறும் தொட்டி, இயந்திரம் ஓடும்போதும் நெரிசலான தொட்டியே.

அலங்காரப் பொருட்களும் பீங்கானும்

தொட்டிக்குள் வைக்கப்படும் பொருட்களாலும் மீன்கள் காயமடைகின்றன. சில வேளைகளில் நஞ்சூட்டப்படுகின்றன. கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பகுதியின் களிமண் அருகிலேயே கிடைப்பது இத்தொழிலுக்குத் துணையாக உள்ளது. பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் அங்கு உள்ளன. அங்கு செய்யப்படும் பொம்மைகள் வரவேற்பறை மாடத்திற்கும் கொலுவுக்கும் உரியவை. இவ்வகைப் பொம்மை ஒன்றை, அது எவ்வூரில் செய்யப்பட்டதாயினும், மீன் தொட்டிக்குள் இறக்கும்போது அதன் வண்ணம் எவ்வாறு பூசப்பட்டது என்பது முதன்மையான கேள்வியாகிறது.

மெருகு பூசி 1200 பாகைக்கு மேல் சுடப்பட்ட பீங்கான் கண்ணாடியை ஒத்தது. நீருடன் வினை புரியாது. ஆனால் சுட்ட பின் மேலே தூரிகையால் தீட்டப்பட்டுச் சூளைக்குள் மீண்டும் செல்லாத வண்ணமும், பொன்நிறப் பூச்சும் நீரில் ஊறி உரிந்து விடும். மீன்கள் அவ்வுரிவைத் தின்னும். குறைந்த வெப்பத்தில் உருகுவதற்காக ஈயம் சேர்த்த மெருகுகளும், பச்சை நிறத்திற்காகச் செம்பு சேர்த்தவையும் உண்டு. உணவுக்கலங்களில் ஈயம் கசிகிறதா என்பதை அறிய 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்துச் சோதிப்பர். அலங்காரப் பொம்மைகளுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை, ஏனெனில் அவை உண்பதற்கான கலங்கள் அல்ல. மீனின் நோக்கில் பார்த்தால் தொட்டி முழுவதும் உண்கலமே. செம்பு மிகச் சிறிய அளவிலும் நத்தைகளையும் இறால்களையும் கொல்லும். மீன்களின் செவுளையும் பாதிக்கும். கூரிய விளிம்பு பொன்மீனின் நீண்ட துடுப்பைக் கிழிக்கும். பொம்மையின் அடியில், சூளையில் காற்று வெளியேற விடப்படும் சிறு துளைக்குள் மீன் நுழைந்து சிக்கிக் கொள்ளவும் கூடும்.

அதே வேளையில், பீங்கான் மீன் தொட்டிக்கு ஆகாதது என்று கொள்ளக் கூடாது. மெருகிடாமல் சுட்ட நுண்துளைப் பீங்கான் வளையங்கள் வடிகட்டிகளில் இடப்படுகின்றன. மேலே கூறப்பட்ட பாக்டீரியாக்கள் குடியேற அவற்றின் நுண்துளைகள் மிகுதியான பரப்பைத் தருகின்றன. சாயம் பூசாத மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அஞ்சும் மீன்களுக்கு அதுவே நல்ல மறைவிடம். ஒளிந்து கொள்ள இடமே இல்லாத, நாற்புறமும் ஒளி வீசும் தொட்டி மீன்களுக்குத் தொடர்ந்த அச்சத்தைத் தருகிறது என்பதால், மறைவிடம் அலங்காரம் அன்று, தேவை.

உணவு

பட்டினியால் இறக்கும் வளர்ப்பு மீன்களை விட, அளவுக்கு மீறிய உணவால் இறப்பவை அதிகம் எனலாம். பொன்மீனுக்கு இரைப்பை கிடையாது. உணவு நேராகக் குடலுக்குச் செல்கிறது. ஆகவே சிறிது சிறிதாகத் தருவதே முறை. சோறு, ரொட்டி, பிசுக்கோத்து முதலியவை செரிக்காமல் நீரைக் கெடுக்கின்றன. பொங்கல், கோடை விடுமுறைகளில் வெளியூர் செல்லும் குடும்பங்கள் பக்கத்து வீட்டாரிடம் உணவுப் பொட்டலத்தை ஒப்படைத்துச் செல்வதும், திரும்பி வரும்போது நீர் கலங்கி மீன்கள் மிதப்பதும் பலர் அறிந்த நிகழ்வு. நலமான, வளர்ந்த மீன் நான்கைந்து நாட்கள் உணவின்றி இருப்பதால் தீங்கில்லை.

உருவத்தை மாற்றுதல்

சில துன்பங்கள் மீன் வீட்டுக்கு வருமுன்பே அதன் உடலில் எழுதப்பட்டு விடுகின்றன. கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் குமிழிக்கண் பொன்மீன், வானத்தையே நோக்கும் கண்களைக் கொண்ட விண்நோக்கிப் பொன்மீன் ஆகியவை தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டவை. அவற்றால் உணவைச் சரியாகக் காணவோ, விரைவான மீன்களுடன் போட்டியிடவோ இயலாது. 1980களில் தைவானில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட இரத்தக் கிளி மீனின் வாய் முழுமையாக மூடுவதில்லை. இம்மீன் குஞ்சாக இருக்கும்போதே வாலைக் கத்தரித்து "இதய வடிவ" மீன் என விற்கும் வழக்கமும் உண்டு.

சாயம் ஏற்றுதல் இன்னும் கொடியது. இந்திய நீர்நிலைகளுக்கு உரியதும் உடல் ஊடுருவித் தெரிவதுமான கண்ணாடி மீனின் உடலில் ஊசியால் பல இடங்களில் ஒளிரும் சாயம் செலுத்தப்பட்டது. சில மாதங்களில் நிறம் மங்கி விடும். பிழைத்தவற்றில் தொற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. 1990களில் ஐக்கிய இராச்சியத்தின் மீன் வளர்ப்பு இதழ் ஒன்று இதற்கு எதிராக இயக்கம் நடத்தியதைத் தொடர்ந்து அங்கு பல கடைகள் இவற்றை விற்பதை நிறுத்தின. மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே ஒளிரும் மீன்கள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. அவற்றுக்கு ஊசி போடப்படுவதில்லை.

வாஸ்து மீன்கள்

அரவானா, பூக்கொம்பன் (ஃபிளவர்ஹார்ன்) ஆகிய மீன்கள் செல்வத்தைத் தரும் என்ற நம்பிக்கை சீனப் பெங் சுயி வழியாக வந்து, தமிழ்நாட்டில் "வாஸ்து மீன்" என்ற பெயரில் பரவியுள்ளது. பூக்கொம்பன் 1990களில் மலேசியாவில் உருவான கலப்பினம். பழங்கால வாஸ்து நூல் எதிலும் அதற்கு இடமிருக்க வாய்ப்பில்லை. இரண்டும் ஓரடிக்கும் மேல் வளரக்கூடியவை. வளர்ந்த அரவானாவுக்குத் தன் உடலைத் திருப்பிக் கொள்ளவே அகன்ற தொட்டி தேவை. கடை மேசையின் மீதுள்ள மூன்றடித் தொட்டியில் அது முதுகு வளைந்து வாழ்கிறது. ஆசிய அரவானா, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது.

இந்நம்பிக்கையின் ஒரு கூறு குறிப்பிடத்தக்கது. மீன் இறந்தால், உரிமையாளருக்கு வரவிருந்த கெடுதலைத் தான் ஏற்றுக்கொண்டு இறந்ததாகக் கூறுவர். நீர் கெட்டதால் இறந்த மீனும் இவ்வாறு தியாகியாகி விடுவதால், அதே தொட்டிக்கு அடுத்த மீன் வருகிறது. நீரைச் சோதிக்க எவரும் முனைவதில்லை.

நோயும் இறப்பும்

உடலில் உப்புத் துகள் போன்ற புள்ளிகளை உண்டாக்கும் வெண்புள்ளி நோய் ஓர் ஒட்டுண்ணியால் வருவது; உரிய காலத்தில் குணப்படுத்தக் கூடியது. ஆயினும் இருபது ரூபாய் மீனைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வோர் அரியர். மீனைப் பார்க்கும் மருத்துவரும் அரியர். இதனால் மனிதருக்கான நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரையை உடைத்துத் தொட்டியில் தூவும் வழக்கம் உள்ளது. அது நோயைத் தீர்க்காமல் நன்மை தரும் பாக்டீரியாக்களைக் கொல்கிறது.

பிழைக்க முடியாத மீனைக் கழிப்பறையில் விட்டு நீரூற்றுவது உடனடி மரணம் அன்று. கிராம்பு எண்ணெயில் உள்ள யூசினால் மீன்களுக்கு மயக்க மருந்தாகச் செயல்படுகிறது. மிகுதியான அளவில் மயக்கத்திலேயே உயிர் பிரியும். சுவிட்சர்லாந்தில் 2008 இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், மீனைக் கொல்லுமுன் உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்று கூறுகின்றன.

நீர்நிலைகளில் விடுதல்

சலித்துப் போன அல்லது பெரிதாகி விட்ட மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவதைப் பலர் புண்ணியமாகக் கருதுகின்றனர். வெப்பமும் பகையும் பழகாத மீன் பெரும்பாலும் விரைவில் இறக்கும். இறக்காவிடில் விளைவு வேறு. "தொட்டி சுத்தம் செய்யும் மீன்" என விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிறு, கைப்பிடி அளவில் வாங்கப்பட்டு ஓரடிக்கு மேல் வளர்வதால் வெளியே விடப்பட்டு, இன்று தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகியுள்ளது. அதன் முட்கள் மீனவர் வலைகளைக் கிழிக்கின்றன. 2018 ஆம் ஆண்டு கேரள வெள்ளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அமேசான் ஆற்று அராபைமா மீன்கள் ஆறுகளில் பிடிபட்டன.

சட்டம்

இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, மனிதர் தவிர்ந்த எவ்வுயிரியையும் விலங்கு என்று வரையறுக்கிறது; ஆகவே மீனும் அதில் அடங்கும். இயல்பாக அசைய இடம் தராத கூட்டிலோ கலத்திலோ அடைத்து வைத்தல், உரிமையாளர் போதிய உணவும் உறைவிடமும் தராதிருத்தல், தகுந்த காரணமின்றிக் கைவிடுதல் ஆகியவை 11 ஆம் பிரிவின்படி குற்றங்கள். ஐந்து லிட்டர் கிண்ணம் இப்பிரிவின் சொற்களுக்குள் அடங்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் முதல் குற்றத்திற்கான தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. 1960 இல் அது ஒரு தொகை. இன்று ஒரு சண்டை மீனின் விலைகூட அதனை விட அதிகமாக இருக்கும்.

ஏறுதழுவல் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று அளித்த தீர்ப்பு, பசி, அச்சம், வலி முதலியவற்றிலிருந்து விலங்குகளுக்குள்ள ஐந்து விடுதலைகளை எடுத்துரைத்தது. அத்தீர்ப்பு காளைகளைப் பற்றியது.

மீன்களுக்கென்றே நடுவண் அரசு 2017 மே 23 அன்று, மீன் காட்சியகங்களுக்கும் மீன் தொட்டிக் கடைகளுக்குமான விதிகளை வெளியிட்டது. கடைகள் பதிவு செய்து கொள்ள வேண்டும், மீன்வள வல்லுநர் அல்லது மருத்துவரை அமர்த்த வேண்டும் என அவை கூறின. செயற்கைச் சாயம் ஏற்றிய மீன்களைத் தடை செய்தன. கோமாளி மீன் உள்ளிட்ட 158 இனங்களைப் பட்டியலிட்டுத் தடுத்தன. சிறு வணிகர்களால் வல்லுநருக்குச் சம்பளம் தர இயலாது என்று கொளத்தூர் உட்படப் பல இடங்களில் எதிர்ப்பு எழுந்தது. இவ்விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. நிறைவேற்ற முடியாத கூறுகளுடன் சேர்ந்து, சாயம் ஏற்றுவதற்கு எதிரான தடை போன்ற எளிய கூறுகளும் போயின. மேலும் இவ்விதிகள் கடைகளைக் குறித்தவை. மீன் தன் வாழ்நாளைக் கழிக்கும் வீட்டைப் பற்றியவை அல்ல.

பிற நாடுகளில்

இத்தாலியின் மொன்சா நகரம் 2004 இல் உருண்டைக் கிண்ணங்களில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தது. வளைந்த கண்ணாடி மீனுக்கு உலகைத் திரித்துக் காட்டுகிறது என்பது நகர மன்றம் கூறிய காரணங்களில் ஒன்று. உரோம் நகரம் 2005 இல் இதனைப் பின்பற்றியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு உயிருள்ள விலங்கை விற்பதையும், பெரியவர் உடனிருந்தால் அன்றிப் பரிசாக வழங்குவதையும் தடுக்கிறது. சீனாவில் 2011 ஐ ஒட்டி, சிறு மீன்களை நிற நீருடன் நெகிழிப் பையில் அடைத்துச் சாவிக்கொத்தாக விற்றது உலக அளவில் கண்டனத்துக்கு உள்ளானது.

டென்மார்க்கின் டிராப்கோல்ட் அருங்காட்சியகத்தில் 2000 ஆம் ஆண்டு மார்கோ எவாரிஸ்டி என்ற கலைஞர், பொன்மீன்கள் இட்ட பத்து மின் அரவைக் கலங்களைக் காட்சிக்கு வைத்தார். விரும்பிய பார்வையாளர் எவரும் பொத்தானை அழுத்தலாம். சிலர் அழுத்தினர். அருங்காட்சியக இயக்குநர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், மீன்கள் நொடிப்பொழுதில் இறந்ததால் துன்புறவில்லை என்று கூறி 2003 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பொத்தானை அழுத்திய கைகளை உலகெங்கும் செய்தித்தாள்கள் கண்டித்தன. அமோனியா ஏறிய கிண்ணத்தில் ஒரு பொன்மீன் இறப்பதற்கோ பல நாட்கள் ஆகும்.